பதினான்குக்கு இன்ஷூரன்ஸ்

பிளாக்ஜாக் மேசை. அந்த அம்மாளின் கையில் பதினான்கு. டீலரின் முன்னால் ஏஸ். இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று டீலர் கையை மேசையின் குறுக்கே வீசிக் கேட்டபோது மற்ற மூவரும் அசையவில்லை. இவர் மட்டும் இரண்டு பச்சைச் சிப்புகளை எடுத்து அதற்கான கோட்டில் வைத்தார். வைத்ததும் விரலை எடுக்கவில்லை. மேல் சிப்பு லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதை நேராக்கிவிட்டுத்தான் கையை மடிக்குக் கொண்டுபோனார். ஆறு விநாடி இருக்கும். அந்த ஆறு விநாடியை நான் நாற்பது முறையாவது பார்த்திருப்பேன்.

அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் கண்காணிப்பு அறையில் அப்போது எனக்கு நான்காவது வருடம். ஊரில் இருக்கும் அம்மாவைப் பொறுத்தவரை நான் பெரிய ஹோட்டலில் கேமரா பார்க்கிறவன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மேலாளர் அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: அந்த மேசையில் இருக்கும் பெண்மணி மூன்று நாளாக ஜெயிக்கிறார், பந்தயத்தை ஏற்றி இறக்குகிறார், விழுந்த சீட்டுகளை எண்ணுகிறாரா என்று பார். மூன்று நாள் ஜெயிப்பதற்குப் பொருளே கிடையாது. நன்றாக எண்ணத் தெரிந்தவருக்குக்கூடக் கிடைக்கும் அனுகூலம் நூற்றுக்கு ஒன்றுதான். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தில் அது மாதக்கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இது மேலாளருக்கும் தெரியும். ஆனாலும் ஜெயிக்கிறவர்களைத்தான் நாங்கள் பார்ப்போம். தோற்றுக்கொண்டே எண்ணுகிறவர்களைப் பற்றி யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை.

எங்கள் அறையில் எல்லோரும் பிடிக்கும் அளவுகோல் ஹை-லோ. 1963இல் ஹார்வி டப்னர் முன்வைத்தது. இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. ஏழு, எட்டு, ஒன்பதை விட்டுவிடு. வரும் எண்ணை, மீதமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ட்ரூ கவுண்ட். அது ஏறும்போது பந்தயமும் ஏறினால் ஆள் எண்ணுகிறார். மூன்று மணி நேரப் பதிவை ஓட விட்டேன். அந்த அம்மாள் இருபத்தைந்து டாலரிலிருந்து மேலே போனது இருபத்திரண்டு முறை. ஹை-லோ அவற்றில் பன்னிரண்டைத்தான் ஆமோதித்தது.

பன்னிரண்டு என்றால் எண்ணவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்ப விடாமல் செய்தது அந்தப் பதினான்கு.

இன்ஷூரன்ஸ் என்பது, டீலர் கவிழ்த்து வைத்திருக்கும் சீட்டு பத்து மதிப்புள்ளது என்று கட்டும் தனிப் பந்தயம். நம் கையில் என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சுற்றுலா வந்தவர்கள் இருபது வைத்திருக்கும்போதுதான் அதை எடுப்பார்கள். நல்ல கை போய்விடுமோ என்ற பயம். பதினான்கைக் காப்பாற்ற யாரும் காசு செலவழிப்பதில்லை. பதிவை நிறுத்தி, விழுந்த சீட்டுகளை எண்ணினேன். ஷூ என்பது சீட்டுகளை அடுக்கிவைத்து உருவிப் போடும் பெட்டி. எட்டுக் கட்டு ஷூவில் ஐந்து கட்டு போயிருந்தது. ஹை-லோ கூட்டுத்தொகை நான்கு. மூன்றால் வகுத்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ஹை-லோக்காரர் மூன்று வராமல் இன்ஷூரன்ஸைத் தொடமாட்டார். ஆக, தவறான ஆட்டம்.

ஆனால் இருபத்தைந்து ஏஸ்கள் வெளியே வந்துவிட்டிருந்தன. சராசரியாக இருபதுதான் வந்திருக்க வேண்டும். அந்த ஐந்து ஏஸ்கள்தான் ஹை-லோ எண்ணைக் கீழே இழுத்திருந்தன. இன்ஷூரன்ஸ் கணக்கில் ஏஸும் பத்தல்லாத இன்னொரு சீட்டு, அவ்வளவுதான். காணாத நூற்று ஐம்பத்தாறு சீட்டில் பத்து மதிப்புள்ளவை ஐம்பத்து மூன்று. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் இந்தப் பந்தயத்தில் லாபம். இங்கே ஒரு சீட்டு அதிகம். இன்ஷூரன்ஸ் எடுத்தது சரி. மயிரிழையில் சரி.

அந்த நிமிடம் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஹை-லோவுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது எனக்கும் தெரிந்துவிட்டது.

உடனே மற்ற முறைகளை எடுத்தேன். முதலில் கே.ஓ.; ஏழையும் கூட்டுகிற முறை, அதனால் கட்டுக்கு நான்கு மிஞ்சும், எட்டுக் கட்டுக்குக் கழித்தல் இருபத்தெட்டில் தொடங்கினால் வகுக்கிற வேலையே இல்லை. பதின்மூன்று பொருந்தியது. ஏஸை விட்டுவிடும் ஹை ஆப்ட் 1 பதினைந்து. பிறகு ஹை ஆப்ட் 2. இரண்டு, மூன்று, ஆறு, ஏழுக்கு ஒன்று, நான்கு, ஐந்துக்கு இரண்டு, பத்துக்குக் கழித்தல் இரண்டு, ஏஸுக்குப் பூஜ்யம். இதை ஆடுகிறவர்கள் ஏஸ்களை மனத்தின் இன்னொரு மூலையில் தனியாக எண்ணிவைத்து, பந்தயம் கட்டும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தேன், பதினான்கு. சேர்க்காமல் பார்த்தேன், பதினெட்டு.

மேலாளர் மறுபடி அழைத்தார்.

“எண்ணுகிறாரா, இல்லையா? ஒரு சொல்லில் சொல்.”

“எண்ணுகிறார்.”

“எந்த முறை?”

“ஹை ஆப்ட் 2. ஏஸைத் தனியாக எண்ணவில்லை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டார்: “எட்டுக் கட்டு மேசையில் அதைப் போய் யார் ஆடுவார்கள்?”

“பழைய ஆள், பழைய முறை” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “சரி, எழுது.”

இந்த உரையாடலில்தான் நான் இன்றும் நிற்கிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி. என்னிடமிருந்து போனது பதில் இல்லை, சாமர்த்தியமான ஒரு வாக்கியம். முறைகளை ஒப்பிடும் அட்டவணை எதை எடுத்தாலும் இருக்கும்: பந்தயத்தை ஏற்றவும் இறக்கவும் ஹை-லோவின் பொருத்தம் 0.97, ஏஸ் சேர்க்காத ஹை ஆப்ட் 2க்கு 0.91. இன்ஷூரன்ஸில் நிலைமை தலைகீழ், ஹை-லோ 0.76, ஹை ஆப்ட் 2 0.91. கையை எப்படி ஆடுவது என்பதிலும் அதுவே மேல், 0.51க்கு எதிராக 0.67. ஆனால் எட்டுக் கட்டு ஷூவில் லாபம் ஏறக்குறைய முழுவதும் பந்தயத்தை எப்போது ஏற்றுகிறோம் என்பதிலிருந்துதான் வருகிறது. விவரம் தெரிந்தவர் இங்கே ஹை-லோவோ கே.ஓ.வோ ஆடிவிட்டுப் போவார். கடினமான முறையைக் கற்றுக்கொண்டு, அதில் பாதியை விட்டுவிட்டு, அது உதவாத இடத்தில் வந்து உட்காரும் ஒருவரைத்தான் நான் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்தேனா, செய்துவைத்தேனா?

அப்படிப்பட்டவர்கள் இல்லாமலும் இல்லை. ஏஸை எண்ணும் பகுதிக்கு வரும்போது பாடத்தைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். நானே அப்படித்தான்.

ஒன்றை அறிக்கையில் எழுதவில்லை. அன்று மாலை டீலருக்கு ஏஸ் வந்தது பதினான்கு முறை. அந்த அம்மாள் இன்ஷூரன்ஸ் எடுத்தது மூன்று முறை, மூன்றும் ஹை ஆப்ட் 2 படி சரி. நான்காவதாக ஒன்றை அவர் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அதை ‘வேடம்’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எண்ணுகிறவர்கள் வேண்டுமென்றே சில தவறுகள் செய்வது உண்மைதான். ஆனால் பொருந்துவதெல்லாம் சாட்சி, பொருந்தாததெல்லாம் வேடம் என்றால் என் மேசையில் நிரபராதி யார்?

நியூ ஜெர்சியில் எண்ணுகிறவரை வெளியே அனுப்ப முடியாது. கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில் 1982இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்த அதிகாரம் விடுதிக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டது. நெவாடாவில் என்றால் வாசலைக் காட்டிவிடுவார்கள். இங்கே மரியாதையாக மூச்சை அடைப்போம். எந்த இடத்தில் நிறுத்திக் கலைப்பது என்று காட்டும் கட் கார்டை ஷூவின் நடுவில் செருகினார்கள். பாதியிலேயே கலைத்துவிட்டால் எந்த எண்ணுக்கும் உயர நேரமிருக்காது. ஒரு கைக்கு இருபத்தைந்து டாலருக்கு மேல் கூடாது என்று அவருக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள். அவர் டீலரிடம் ஏதோ கேட்டார். எங்கள் கேமராக்களுக்குக் காது கிடையாது. டீலர் தோளைக் குலுக்கினார். இன்னும் இரண்டு கை ஆடிவிட்டு, சிப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, டீலருக்கு ஒரு பச்சைச் சிப்பைத் தள்ளிவிட்டு எழுந்தார். நூற்றுக்கு ஒன்று அனுகூலத்தில் பிழைக்கிறவர்கள் இருபத்தைந்து டாலர் டிப்ஸ் வைப்பது அபூர்வம். அதையும் நான் பார்த்தேன்.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. யாரும் அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. ஜெயித்ததைப் பிடுங்கவில்லை. அடுத்த கட்டடத்தில் இதே ஆட்டம் இருக்கிறது. எட்டு மணி நேரப் பணியில் ஒரு மேசைக்கு நான் கொடுக்கக்கூடிய நேரத்தைவிட அதிகமாகவே கொடுத்தேன். சந்தேகத்தின் பலனை விடுதிக்குக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதை எழுதும்போது பெரியப்பாவின் நினைவு வருகிறது. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து ஜமக்காளத்தில் ரம்மி தொடங்கினால், யார் எதை இறக்கினார், யார் எதை எடுத்தார் என்று கடைசிவரை மனத்தில் வைத்திருப்பார். “பெரியப்பா கையில ஏமாற முடியாதுடா” என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னபோது கொடுத்த காரணமும் அதுதான்: விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரியப்பா எங்கள் மேசைக்கு வந்திருந்தால் அவர் பெயரில் நான் ஒரு படிவம் நிரப்பியிருப்பேன்.

சில வாரம் கழித்து, வேலை குறைவான ஓர் இரவில், வேறொரு மேசையின் பதிவை எடுத்தேன். பேஸ்பால் தொப்பி, கையில் பீர், பாதி நேரம் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் கண். எண்ணாத மனிதர் என்று சத்தியம் செய்வேன். அவர் பந்தயத்தை ஏற்றிய இருபது இடங்களை எழுதிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா முறைகளையும் ஓட்டினேன். ஹை-லோ ஒன்பது. கே.ஓ. பதினான்கு. இருபதுக்குப் பதினான்கும் இருபத்திரண்டுக்குப் பதினெட்டும் ஒன்றல்ல என்று அன்று சொல்லிக்கொண்டேன். ஆறேழு சாவிகளைப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று திறக்கத்தான் செய்யும் என்றும் தோன்றியது. அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை. அம்மாளின் மற்ற இரண்டு நாள் பதிவுகளை வைத்து உறுதிசெய்துகொண்டிருக்கலாம். நான் நினைத்துப் பார்த்தபோது அவை அழிந்துவிட்டிருந்தன. அறிக்கையோடு இணைத்த துண்டு மட்டும் இருக்கிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது அதைத்தான் காட்டுகிறோம். ஹை-லோவை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் என்று மேலாளர் தேர்ந்தெடுத்தார். பாடம் எடுப்பது நான். ஏஸ் இருபத்தைந்து, பத்து ஐம்பத்து மூன்று என்று பலகையில் எழுதுவேன். அவர்கள் முகத்திலும் அந்த மகிழ்ச்சி வருவதைப் பார்ப்பேன். சிப்பை அவர் நேராக்கி, கையை மடியில் வைத்ததும் நிறுத்திவிடுவேன். டீலர் கவிழ்த்து வைத்திருந்த சீட்டு என்ன என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்.

ஆறு. இன்ஷூரன்ஸ் காசு போயிற்று.