டர்பனில் எண்டோதீலியல் செல்லை ஏஎஃப்எம்மில் அளப்பவர்களுக்கு

இரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்லை நுண்ணிய முனையால் அழுத்தி, அதன் விறைப்பை ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) கருவியில் அளக்கிறேன். ஒருவழியாக நம்பக்கூடிய எண்கள் கைக்கு வந்துவிட்டன. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் அடி செல்களிலேயே விழுந்தது. தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் ஹுவெக் என்ற எண்டோதீலியல் செல்கள் மனிதத் திசு என்பதால், தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவர சுகாதாரத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதி இருந்தது. சரக்கு ஏஜென்ட் அதன் நகலைப் பெட்டியோடு வைக்கவில்லை. பெட்டி விமான நிலையத்தில் கிடந்தது, உள்ளே இருந்த டிரை ஐஸ் தீர்ந்துபோனது. பிறகு கிடைத்த குப்பிகளில் பெரும்பாலான செல்கள் டிஷ்ஷில் ஒட்டவே இல்லை. பெட்டி கிளம்பும் முன்பே, அனுமதி நகல் வெளியே ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வார இறுதியை ஒட்டி வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள்.

மறுமுறை வந்த செல்கள் ஜெலட்டின் பூச்சில் நன்றாக வளர்ந்தன.

அப்புறம் கருவி. அதன் அழுத்தும் முனை, கான்டிலீவர் என்ற வளையும் மெல்லிய பட்டையின் நுனியில் இருக்கும். கருவியைப் பார்த்துக்கொள்பவர், கான்டிலீவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஸ்பிரிங் கான்ஸ்டன்ட்டையே (பட்டை வளைய எவ்வளவு விசை வேண்டும் என்ற எண்) போடச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். செல்லுக்கான மெல்லிய கான்டிலீவரில் அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைக்கும் இரண்டு மடங்கு வரைகூட வித்தியாசம் இருக்கலாம். அந்தப் பிழை நேராக விறைப்பு எண்ணில் வந்து உட்காரும். செல் இருக்கும் அதே மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்), அதே 37 டிகிரியில், வெறும் கண்ணாடியில் அழுத்தி சென்சிட்டிவிட்டி (எவ்வளவு வளைந்தால் கருவி எவ்வளவு காட்டும் என்ற எண்) எடுத்து, பிறகு வெப்பத்தால் பட்டை தானே அதிர்வதை வைத்துக் கணக்கிடும் தெர்மல் முறையில் அளந்தே தீருவேன் என்று நின்றேன். நேரம் வீணாகிறது என்று முகம் சுளித்தார். வந்த எண் பெட்டி எண்ணுக்குக் கிட்டத்தில்கூட இல்லை. இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

மின்வெட்டுதான் கொடுமை. கணினிக்கு யுபிஎஸ் உண்டு, டிஷ் ஹீட்டருக்கு இல்லை. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் சூடு இறங்கிவிடும். தங்கப் பூச்சுள்ள கான்டிலீவர் வெப்பம் மாறினாலே வளையும், அளவு தொடங்கும் பேஸ்லைன் கோடும் சரியும். எல்லாம் மறுபடி நிலைக்கும்வரை செல்கள் இன்குபேட்டருக்கு வெளியே காத்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு இல்லாமல் மீடியம் காரமாகி ஊதாவாக மாறும். அதைத் தடுக்க உதவும் ஹெப்பெஸ் என்ற பஃபர் சேர்த்த மீடியம் இல்லாமல் உட்காராதீர்கள். மின்வெட்டு அட்டவணை அறிவித்திருந்தால், அதைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் பதிவு செய்யுங்கள்.

அழுத்தும் விசையைக் காட்டும் சுத்தமான வளைவுகள் ஈஸ்டர் விடுமுறையில்தான் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, நடமாட்டம் இல்லை, அதிர்வும் இல்லை. கூர் முனைக்குப் பதில் உருண்டை முனை போட்டு, உட்கருவுக்கு மேலே மட்டும், ஆழமில்லாமல் அழுத்தினேன். விளிம்பில் செல் மெல்லியது. அங்கே அழுத்தினால் அடியிலுள்ள கண்ணாடியின் விறைப்பும் சேர்ந்து வரும். சைட்டோகலாசின் என்ற மருந்து கொடுத்து, செல்லுக்கு விறைப்பு தரும் ஆக்டின் இழைகளைக் குலைத்ததும் விறைப்பு இறங்கியது. அளப்பது செல்லைத்தான் என்று அப்போதுதான் நிம்மதி வந்தது.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. எண்டோதீலியம் விறைத்தால் நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பு குறையும், இரத்தக் குழாய் தளர மறுக்கும். அதனால் அடுத்து, அதிக குளுக்கோஸில் வளர்த்த செல்களை அளக்கப் போகிறேன். ஹீட்டருக்கு யுபிஎஸ் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்தாகவில்லை.