ஒலிபுகா அறையிலிருந்து ஒரு வேலூர் நாட்குறிப்பு

9 ஜூன் 2025, திங்கள்

பள்ளிகள் திறந்ததும் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பெரியவர்கள் கூட்டம் கூடிவிடும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு இனித் தங்கள் உடம்பைப் பார்க்கலாம் என்று கிளம்பி வருகிறார்கள். காலை பத்து மணிக்குள் வராந்தாவில் தமிழும் தெலுங்கும் வங்காளியும் ஒன்றாகக் கேட்கின்றன. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் என் அறைக்குள் மட்டும் எதுவும் கேட்கக்கூடாது. சோதனை நடக்கும்போது மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவேன். ஜூன் மாத வேலூரில் அது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வந்தவர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைப் பணியாளர். இரண்டு மூக்கிலும் சதை வளர்ந்திருக்கிறது. மோப்பம் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். "வேலைக்கு அது வசதிதான் மேடம், வீட்டில் ரசம் கொதிப்பது தெரியவில்லை என்பதுதான் வருத்தம்" என்றார். இம்மாதக் கடைசியில் சைனஸ், அதாவது மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளில், ஆபரேஷன். காதும் மந்தமாக இருக்கிறது என்றதால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் அழுத்தச் சொன்னேன். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸ் முதல் உயர்ந்த சுருதியான 8000 ஹெர்ட்ஸ் வரை. ஆடியோகிராம் என்ற வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு தாழத் தாழக் கேட்பது குறைவு. அடுத்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல் ஒரு சிறிய அதிர்வியை வைத்து அதே சோதனை. எலும்பு வழியாகப் போகும் ஒலி செவிப்பறையையும் நடுச்செவியையும் தவிர்த்து நேராக உட்செவிக்குப் போய்விடும். இவருக்குக் காற்றுவழிக் கோடு தாழ்ந்தும் எலும்புவழிக் கோடு மேலே ஒழுங்காகவும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் நல்ல இடைவெளி. உட்செவி பழுதில்லை, சங்கடம் நடுச்செவியில்தான் என்று பொருள். செவிப்பறையின் அழுத்தச் சோதனையும் அதையே சொன்னது: உள்ளே காற்றழுத்தம் குறைந்திருக்கிறது.

"மூக்கைச் சரிசெய்தால் காது திறந்துவிடுமா மேடம்?"

இந்தக் கேள்வியை ஏறக்குறைய எல்லா சைனஸ் நோயாளியும் கேட்கிறார்கள். இவருக்கு மட்டும் ஓரளவு நம்பிக்கையோடு, "வாய்ப்பு இருக்கிறது, டாக்டர் விளக்குவார்" என்றேன்.

12 ஜூன், வியாழன்

எங்கள் பிரிவின் முதுநிலை மாணவி அடுத்த மாதம் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டும். தலைப்பு, மூக்குக்கும் காதுக்கும் இடையிலான தொடர்பு பற்றிய ஆராய்ச்சிகள். நான் அவளை டாக்டரம்மா என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். நோயாளி இல்லாத நேரத்தில் என் அறையில் வந்து உட்கார்ந்து படிக்கிறாள். இந்தக் கட்டடத்தில் அமைதி இங்கே மட்டும்தானே.

இன்று சைனஸ் ஆபரேஷனின் பழைய கதை. அமெரிக்காவில் கால்டுவெல் 1893இலும் பிரான்சில் லூக் 1897இலும் தனித்தனியாக ஒரே முறையை எழுதினார்கள். மேலுதட்டுக்கு அடியில் ஈறைக் கீறி, கன்ன எலும்பில் துளை போட்டு, சைனஸுக்குள் போய் நோயுற்ற சவ்வைச் சுரண்டி எடுப்பது. சளி வடிவதற்கு மூக்கின் கீழ்ப்பகுதியில் தனியாக ஒரு வழியும் வைப்பார்கள். பள்ளத்தில் வழி வைத்தால் சளி தானாக வடியும் என்பது கணக்கு.

சளி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற மருத்துவர், சவ்விலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்துச் சைனஸின் இயற்கை வாசல் உயரத்தில் இருக்கிறது. மயிரிழைகள் புவியீர்ப்பை எதிர்த்து மேல்நோக்கித்தான் சளியைத் தள்ளுகின்றன. பின்சுவரை இடித்துப் புதுவழி வைத்தாலும் மாடு பழகிய வாசலுக்கே வந்து நிற்பது போல, கீழே எத்தனை பெரிய துளை போட்டாலும் சளி அந்தப் பழைய வாசலைத்தான் தேடிப் போகிறது. அப்படியானால் செய்ய வேண்டியது அந்த வாசலின் அடைப்பை நீக்குவதுதான், சவ்வைச் சுரண்டுவதல்ல. ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வடிவமைத்த, உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடித் தண்டு எண்டோஸ்கோப் அதற்குள் வந்துவிட்டிருந்தது. மெஸ்ஸர்க்ளிங்கரின் புத்தகம் 1978இல் வெளியானது. அவருடைய சீடர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் 1980களில் உலகம் முழுவதும் இந்த முறையைக் கொண்டுபோனார்கள்.

முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், நான்கு மில்லிமீட்டர் கம்பியை மூக்கில் விட்டு இன்று செய்வதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். புதுக் கருவி வந்ததால் வந்த மாற்றம் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். "கருவி பாதிதான் அக்கா. சளி எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தாரே, அதுதான் மீதிப் பாதி" என்கிறாள் டாக்டரம்மா.

17 ஜூன், செவ்வாய்

இன்று மனம் சரியில்லை.

தனியார் பஸ் கண்டக்டர், ஐம்பது வயதுக்குள். திருவண்ணாமலைத் தடத்தில் ஓடுகிறார். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டதாம், கூடவே இடைவிடாத இரைச்சல். முதல் நாள் லேசான சளி இருந்ததால் அதன் வேலைதான் என்று விட்டுவிட்டார். மருந்துக் கடையில் மூக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு கிளினிக்கில் சைனஸ் என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். "சளி இறங்கினால் காது திறக்கும்" என்று அவருடைய அம்மா தினமும் ஆவி பிடிக்க வைத்திருக்கிறார். இப்போது மூன்றாவது வாரம்.

டாக்டரம்மா 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி அவர் நெற்றியின் நடுவில் வைத்தாள். எந்தக் காதில் கேட்கிறது என்றதும் யோசிக்காமல் இடது பக்கம் கையைக் காட்டினார். அப்போதே அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சளியோ குரும்பியோ அடைத்திருந்தால் சத்தம் அடைத்த பக்கமே போக வேண்டும். நல்ல காதுக்குப் போனால் கோளாறு உட்செவியில் அல்லது நரம்பில்.

ஆடியோகிராம் அதை உறுதி செய்தது. வலது காதில் காற்றுவழிக் கோடும் எலும்புவழிக் கோடும் ஒன்றாகவே விழுந்து கிடந்தன, நடுவில் இடைவெளியே இல்லை. இதை எடுக்கும்போது இடது காதுக்குள் தொடர்ந்து இரைச்சல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காது குறுக்கே புகுந்து பதில் சொல்லிவிடும், கெட்ட காது கேட்பதாக நாம் எழுதிவிடுவோம். செவிப்பறை அழுத்தம் முற்றிலும் இயல்பு. அந்தக் காதில் அடைப்பு என்று எதுவுமே இல்லை.

மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் விழுந்தால் அது திடீர் உட்செவிக் கேளாமை. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை. சிலருக்குச் செவி நரம்பில் கட்டி இருக்கலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ஸ்டீராய்டுதான் வழக்கமான சிகிச்சை. அதை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு. இவருக்கு அந்த இரண்டு வாரம் ஆவி பிடிப்பதிலேயே போய்விட்டது. சர்க்கரை வேறு இருக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரை அதை ஏற்றிவிடும். அதனால் மாத்திரையைத் தவிர்த்து, செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது என்று முடிவாயிற்று.

அவருக்கு யார் மேலும் கோபமில்லை. எனக்குத்தான் இருக்கிறது. தலை வலித்தால் சைனஸ், கன்னம் வலித்தால் சைனஸ், காது போனாலும் சைனஸ். இந்த ஊரில் சைனஸ் செய்யாத குற்றம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

21 ஜூன், சனி

ஒரு பெரியவர். 1970களில் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர். இரண்டு காதிலும் உயர் அலைவரிசைகள் துடைத்துவிட்டாற்போல் இல்லை. உயிரைக் காத்த மருந்துதான், உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களைக் கொன்றும் இருக்கிறது.

ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. பிறவியில் வந்தது அவ்வளவுதான், செத்தால் மறுபடி முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும். கோழியிலும் காடையிலும் அதை 1988இல் நிரூபித்தார்கள். ஆம்பூர் சாலையில் நாம் வறுத்துத் தின்னும் காடைக்குக் கிடைத்த வரம் நமக்குக் கிடைக்கவில்லை.

26 ஜூன், வியாழன்

ராணிப்பேட்டைக்காரருக்கு இன்று ஆபரேஷன் முடிந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டரம்மா சி.டி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். சல்லடை எலும்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகிதத் தடிமனில் ஒரு எலும்புத் தகடு. மேலே மூளையின் தரை. இத்தனைக்கும் நடுவில் வேலை செய்ய வேண்டியிருப்பதால்தான் படம் பார்க்காமல் யாரும் உள்ளே போவதில்லை.

இனி வீட்டில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது என்று நர்ஸ் அவர் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1 ஜூலை, செவ்வாய்

கண்டக்டருக்கு ஊசி தொடர்கிறது. படுக்கவைத்து, முகத்தை நல்ல காதின் பக்கம் திருப்பி, செவிப்பறையை மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் மருந்தை உள்ளே விடுகிறார்கள். அதன் பிறகு சற்று நேரம் எச்சில் விழுங்காமல், பேசாமல் அப்படியே கிடக்க வேண்டும். விழுங்கினால் நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம் போகும் குழல் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். "டிக்கெட் டிக்கெட் என்று கத்தியே பழகியவன், பேசாமல் இருப்பதுதான் ஊசியைவிடக் கஷ்டம்" என்றார்.

மூக்கையும் காதையும் சேர்க்கிற அந்தக் குழல்தான் டாக்டரம்மாவின் பேச்சுக்கும் மையம். மூக்கு வீங்கினால் குழலின் வாய் அடைபடும், நடுச்செவிக்குக் காற்று போகாது, செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். சைனஸ் நோயாளிகள் சொல்லும் காதடைப்பில் பெரும்பங்கு இதுதான். இந்தத் தொல்லையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று 2012இல் வந்தது. சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு அந்த மதிப்பெண் நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் மூக்கில் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்த சிலருக்கு நடுச்செவியில் இழுபடுகிற கெட்டியான திரவம் சேருகிறது. அது நிறைய ஈசினோபில் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள். ஜப்பானிய மருத்துவர்கள்தான் இதை விரிவாக எழுதி, கண்டறியும் அளவுகோல்களை 2011இல் வகுத்தார்கள். இதை விட்டுவைத்தால் உட்செவியும் கெடும். முதலில் உயர் அலைவரிசையில் எலும்புவழிக் கோடு சரியத் தொடங்குகிறது. மூக்கு நோய் உட்செவி வரை போகிற பாதை ஒன்று உண்டு என்றால் இதுதான். ராணிப்பேட்டைக்காரரின் தாளை மறுபடி எடுத்து உயர் அலைவரிசை எலும்புவழிப் புள்ளிகளைப் பார்த்தேன். பழுதில்லை.

5 ஜூலை, சனி

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. திடீர் கேளாமைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு பற்றித்தான் கேள்விகள் அதிகம். மாத்திரையும் காது ஊசியும் ஏறக்குறைய சமம் என்று 2011இல் வந்த அமெரிக்க ஆய்வை டாக்டரம்மா சொன்னாள், 250 பேரிடம் நடத்தியது. அளவைக் கூட்டினால் பலனும் கூடுமா என்று மூத்த டாக்டர் ஒருவர் கேட்டார். ஜெர்மனியில் அதையும் பார்த்துவிட்டார்கள், 2023இல் முடிவு வந்தது, கூடவில்லை. சிகிச்சையே இல்லாமல் தானாகத் திரும்புபவர்களும் கணிசமாக இருப்பதால் மருந்தின் பங்கைப் பிரித்துச் சொல்வதே கடினம் என்று அவள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மருந்தின் பலன் இவ்வளவுதான் என்னும்போது, நாட்களை வீணடிப்பதற்கு இன்னும் இடமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

18 ஜூலை, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. வராந்தா பாதி காலி. சைனஸ் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் பலர் ஆவணிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றட்டும். பல வருடமாக இருக்கிற சதை இன்னும் ஒரு மாதம் இருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. திடீரென்று காது போனவர்கள் ஆடி முடியட்டும் என்று காத்திருப்பதுதான் பயம்.

கண்டக்டரின் இன்றைய ஆடியோகிராம்: தாழ்ந்த அலைவரிசைகள் ஓரளவு எழுந்திருக்கின்றன, உயர்ந்தவை அப்படியே கிடக்கின்றன. பஸ்ஸின் இரைச்சலில் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை என்கிறார். ஒற்றைக் காதால் திசை பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. காது கேட்கும் கருவி பற்றி அடுத்த முறை பேச வேண்டும்.

டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நர்ஸுக்கு டாக்டரம்மா ஒரு சிறு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒரு காது சமீபத்தில் திடீரென அடைத்தது என்று யாராவது சொன்னால், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகச் சொல்ல வேண்டும். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் வரிசையில் உட்காரலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் வரிசை கிடையாது, நேராக என் அறைக்கு. முனகல் சரியாகப் புரியாதவர்களையும் என் அறைக்கே அனுப்பிவிட வேண்டும், முடிவு ஆடியோகிராமில்தான்.

இன்று அப்படி முதலில் ஓடிவந்தவர் தோட்டப்பாளையத்து மளிகைக்கடைக்காரர். பதற்றத்தில் எந்தக் காது என்றே அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தால் காது நிறையக் குரும்பி. எடுத்ததும் எழுந்துபோய்விட்டார். அடுத்து வந்தவர் காட்பாடியிலிருந்து, கல்லூரியில் படிக்கும் பெண். நேற்று இரவுதான் காது அடைத்ததாம். இரண்டு கோடுகளும் ஒன்றாக விழுந்திருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரை தொடங்கிவிட்டார்கள்.