வீட்டு சர்வரை எந்த மாடியில் வைப்பது?

நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லா ஃபைல்களையும் வைக்கும் சர்வர் பெட்டி) கட்டுவது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ப்ராசஸரில் ஆரம்பிக்கிறார்கள். நான் சுவரில் ஆரம்பித்தேன். கடலூர்க்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் மொட்டைமாடி ஷெட்டின் கூரை ஷீட்டுகள் அடுத்த தெருவில் கிடந்தன. 2015-இல் தண்ணீர் கீழிருந்து வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை, அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை இந்தப் பக்கம் புரண்டு வந்தது. மேலேயும் வைக்க முடியாது, கீழேயும் வைக்க முடியாது என்ற நிலையில்தான் எங்கள் திட்டம் தொடங்குகிறது.

எங்கள் தொழில் கல்யாணம். என் கணவர் போட்டோவும் வீடியோவும் எடுப்பார். ஆல்பம் டிசைன், கலர் கரெக்‌ஷன், எடிட்டிங் எல்லாம் நான். கடை திருப்பாப்புலியூரில் இருந்தாலும் என் வேலை நடப்பது மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில். அங்கே ஒரு பீரோ இருக்கிறது. கீழ்த்தட்டில் என் பட்டுப்புடவைகள், மேல் இரண்டு தட்டிலும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றிலும் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி மார்க்கரில் எழுதியிருக்கும்: ஆவணி 18, நெல்லிக்குப்பம், பண்ருட்டி. தை 19, வடலூர் இரண்டு, ரிசப்ஷன் மட்டும். முகூர்த்த மாதம்தான் எங்களுக்குக் கணக்கு.

அவற்றில் ஒன்றை எடுத்து கேபிள் சொருகும் ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தால் புரியும். உள்ளே பளபளக்க வேண்டிய பின்களின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். சில்வர் பீச் கடற்காற்றின் வேலை. கேமராவையும் லென்ஸையும் ட்ரை கேபினெட்டில் வைத்துப் பூட்டுகிறோம், பூஞ்சை பிடிக்கக்கூடாது என்று. அந்த லென்ஸ் எடுத்த படங்களோ பீரோவில் உப்புக் காற்றோடு கிடக்கின்றன. ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள்: எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும், அதனால் அதன் மேல் ஈரம் தங்குவது குறைவு. சும்மா கிடக்கும் டிஸ்க்குக்குத்தான் ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஓடவிடலாம் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான், ஸ்பீடு இல்லை.

இரண்டாவது காரணம் 2015 வெள்ளம் வடிந்த பிறகு கடைக்கு வந்தவர்கள். கெடிலக்கரைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா அரிசிச் சாக்கில் ஆல்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கங்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என் கணவர் மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் நெற்றி எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் புடவையோடு உரிந்து வந்தது. “முழுசா வேணாம் தம்பி, எங்கப்பா தாரை வார்த்துக் கொடுக்கிற படம் மட்டும் போதும்” என்றார் அந்த அக்கா. அப்பா அதற்குள் தவறிவிட்டிருந்தார். அந்த டிஸ்க் ஓடியது, படம் கிடைத்தது. அவரைப் போல நிறையப் பேர் வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். ஆக எங்கள் ஸ்டோரேஜை யார், எப்போது கேட்டு வருகிறார்கள் என்றால், ஊரே மூழ்கிய பிறகு வருகிறார்கள். அன்றைக்கு எங்கள் வீடும் அதே ஊரில்தான் இருக்கும்.

“ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாமேம்மா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?” என்றார் அவர். நியாயமான கேள்வி. நேரம் இல்லாதவர்களுக்கு ரெடிமேட் பெட்டிதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரெடிமேட் நாஸ் விற்கும் சினாலஜி கம்பெனி 2025-இல் தன் புதிய பிளஸ் மாடல்களுக்கு அவர்கள் அங்கீகரித்த டிஸ்க்தான் போட வேண்டும் என்று ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வருடக் கடைசியில் இறங்கி வந்தது. நாளைக்கு மறுபடி மாற்ற மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? அதோடு ரெடிமேட் பெட்டியின் போர்டு போனால் அதே கம்பெனிப் பெட்டியைத் தேடி அலைய வேண்டும். சாதாரண பிசியாக இருந்தால் லாரன்ஸ் ரோட்டிலேயே வேறு போர்டு மாட்டிக்கொள்ளலாம். டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்க நான் போடப்போவது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம்; டிஸ்க்கைக் கழற்றி இசட்எஃப்எஸ் இருக்கும் எந்த மெஷினில் போட்டாலும் அது தன் பூலை (சேர்த்து வைத்த டிஸ்க் தொகுப்பை) அடையாளம் கண்டுகொள்ளும்.

ப்ராசஸர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். என் பழைய எடிட்டிங் பிசி, ஐ5 8400, சும்மாதான் இருக்கிறது. ஃபைல் வைக்க அதுவே அதிகம். எல்லாரும் சொல்லும் என்100 சிப்புக்கு 6 வாட்தான், உண்மை. ஆனால் என் பிசியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி வாட் மீட்டரில் பார்த்தபோது டிஸ்க் இல்லாமல் 25 வாட் பக்கம்தான் காட்டியது. பின்னால் நாலு டிஸ்க் ஆனாலும் ஆளுக்கு 5 வாட் சேர்த்தால் 45. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 65 யூனிட். என்100 போர்டுக்கு மாறினால் அதில் 17, 18 யூனிட் மிச்சமாகும். அதற்காகப் புது போர்டும் ரேமும் வாங்க மனசு வரவில்லை. நம்ம ஈபி கணக்கில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும், அதனால் வெயில் மாதங்களில் ஏசியைத்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதில்தான் உண்மையான கணக்கு. 4கே வீடியோவை 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு கேமரா ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 540. ரா போட்டோ (கேமரா சுருக்கித் திருத்தாமல் தரும் மூலப் படம்) ஒரு நாலாயிரம், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் 120. ஒரு கல்யாணம் 660 ஜிபி! எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்திருக்க எங்கள் வருமானம் போதாது. அதனால் முடிவு: போட்டோ எல்லாம் நிரந்தரம், ஆல்பம் டிசைன் ஃபைல் நிரந்தரம், எடிட் முடிந்த வீடியோ நிரந்தரம். எடிட் பண்ணாத வீடியோ ஆல்பம் கொடுத்து ஒரு வருடம் வரைதான். இதைப் பில்லிலேயே அச்சடிக்கப் போகிறோம். அவருக்கு இதில் முழு சம்மதம் இல்லை, “அப்புறம் யாராச்சும் பாட்டி ஆடினதைக் கேப்பாங்க” என்கிறார். கேட்பார்கள்தான்.

இப்போதைக்கு 8 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றுக்கொன்று மிரர், அதாவது இரண்டிலும் ஒரே பிரதி. கம்ப்யூட்டர் அதை 7.27 என்றுதான் காட்டும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் ஆயிரத்தில் எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024-இல் எண்ணுகிறது. நாலு டிஸ்க் வாங்கி ரெய்டுஇசட்1 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் இசட்எஃப்எஸ் அமைப்பு) போட்டால் 24 டிபி கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் எங்கள் காசு முகூர்த்த மாதத்தில் வரும், ஆடியில் வராது. மிரரில் இரண்டு இரண்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3-இல் ரெய்டுஇசட்டிலும் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்க வழி வந்துவிட்டது. ஆனாலும் டிஸ்க் போய் மாற்றும்போது மிரரில் நடப்பது வெறும் காப்பிதான், மற்ற டிஸ்க்குகளை எல்லாம் படித்துக் கணக்குப் போட வேண்டியதில்லை.

டிஸ்க் வாங்கும்போது அது டேட்டா எழுதும் விதம் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று டேட்டா ஷீட்டில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எஸ்எம்ஆரில் ட்ராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். எக்ஸ்டர்னலுக்கு ஓடும், பூலில் டிஸ்க் மாற்றும்போது கழுத்தை அறுக்கும். நாஸுக்கென்றே விற்ற சில மாடல்களிலும் சொல்லாமல் எஸ்எம்ஆர் இருந்தது 2020-இல் வெளியே வந்தது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கப் போவதில்லை. ஒன்று சென்னை ரிச்சி தெருவில், இன்னொன்று புதுச்சேரியில். ஒரே பேட்ச் என்றால் ஒரே வியாதிக்கும் வாய்ப்பு உண்டு. பில் பத்திரம், நாஸ் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி, ஆனால் அது புது டிஸ்க்தான் கொடுக்கும், கல்யாணத்தைத் திருப்பிக் கொடுக்காது.

ஏன் இசட்எஃப்எஸ்ஸே வேண்டும் என்கிறேன்? பழைய ஃபோல்டரைத் திறந்தால் பாதிப் படம் சரியாக வந்து, மாலைக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறமாகிப் போன ஜேபெக்கை எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்பார்கள். டிஸ்க் சத்தம் போடாது, எரர் காட்டாது, எப்போது கெட்டது என்றே தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (சரிபார்க்கும் எண்) எழுதி வைக்கிறது. படிக்கும்போது பொருந்தவில்லை என்றால் மிரரிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிடும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் என்ற முழுப் பரிசோதனையை ஓடவிட்டால் யாரும் திறக்காத ஆல்பத்தையும் அதுவே சரிபார்த்துவிடும். இசட்எஃப்எஸ்ஸோடு வரும் ட்ரூநாஸ் என்ற நாஸ் இயங்குதளம் போடப் போகிறேன், இலவசம். ஸ்னாப்ஷாட் இன்னொரு வரம், ஃபைல்கள் கெட்டாலும் முன்பு இருந்த நிலைக்குத் திரும்பலாம்: இலவச ஆல்பம் டெம்ப்ளேட் என்று கண்ட சைட்டிலும் டவுன்லோட் பண்ணி ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வாங்கிக்கொள்ளும் நம் தொழில் நண்பர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கரண்ட். எங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ். ஸ்கொயர் வேவாக இருந்தால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் புது எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கலாம், யூபிஎஸ்ஸும் அதைக் கரண்டாகவே ஏற்காமல் பேட்டரிக்குத் தாவலாம். நான் போடும் வரிசை: ஈபி, இன்வெர்ட்டர், அதற்குப் பிறகு சின்ன யூபிஎஸ், பிறகு சர்வர். யூபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி கேபிள் சர்வருக்குப் போகும், பேட்டரிக்கு மாறினால் அது சொல்லும். இணையத்தில் எல்லாரும் பேட்டரி பாதிக்கு இறங்கியதும் ஆஃப் பண்ணச் சொல்கிறார்கள். நம்ம வீட்டில் அது பொருந்தாது. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது என்றாலே ஈபி போய், இன்வெர்ட்டரும் காலியாகிவிட்டது என்று அர்த்தம். புயல் ராத்திரியில் அதற்குமேல் கரண்டை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஷட்டவுன். இன்வெர்ட்டர் பின்னால் உள்ள ஸ்விட்சும் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும், பல வீடுகளில் இருப்பதில்லை.

இடம்? அவர் சொன்னது மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டர் பக்கத்தில். நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் அங்கேதான், வெள்ளத்தில் முதலில் முங்குவதும் அதுதான். மொட்டைமாடி ஷெட் தானேயோடு முடிந்த கதை. முதல் மாடி நடை, கிழக்கு ஜன்னல் இல்லாத உள்சுவர், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஷெல்ஃப். இன்வெர்ட்டரும் மேலே வருகிறது, எலக்ட்ரீஷியனிடம் பேசியாயிற்று. கத்திரி வெயிலில் டிஸ்க் 45 டிகிரி தாண்டாமல் இருக்க முன்னால் இரண்டு ஃபேன், தூசி வலையோடு. மாடி அறையிலிருந்து அங்கே ஒரு கேட் 6 கேபிள். ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரும், 540 ஜிபி போக ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும்; சாப்பிட்டுவிட்டு வரலாம்.

இவ்வளவு செய்தாலும் ரெய்டு (இப்படி டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பது) என்பது வண்டியில் இருக்கும் ஸ்டெப்னிதான். வண்டியே ஆற்றோடு போனால் ஸ்டெப்னியும் கூடவே போகும். இன்னொரு காப்பி கடலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். தம்பி நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிறான். அவன் வீட்டில் இரண்டு டிஸ்க் போட்ட குட்டிப் பெட்டி ஒன்று, ராத்திரி ராத்திரி மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும். முதல் காப்பியை நெட்டில் அனுப்ப முடியாது: 7 டிபி சேர்ந்துவிட்டால், 40 எம்பிபிஎஸ் அப்லோடில் நிற்காமல் ஓடினாலும் 16 நாள். இங்கேயே காப்பி பண்ணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். வீட்டு நெட் கனெக்‌ஷனுக்குத் வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது, அதனால் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் நெட் வழியே இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் போடப் போகிறேன்.

தம்பிக்குச் சம்மதம்தான். அவன் மனைவி போனில் மூன்று கேள்வி கேட்டாள். “சத்தம் போடுமா அண்ணி? பிள்ளைங்க படிக்கிற ரூம் அது.” குறைவாகத்தான் வரும் என்றேன். “கரண்ட் பில்லு?” நான் தருகிறேன் என்றேன். “எங்க கல்யாண வீடியோ அதுல இருக்குமா?” இருக்கிறது, அவர்தான் எடுத்தார், எடிட் பண்ணியதும் பண்ணாததும் இரண்டுமே. “அப்ப எடிட் பண்ணாததை டெலிட் பண்ணிடுங்க அண்ணி, உங்க தம்பி பந்தியில சாம்பார் கொட்டிக்கிட்டதை இன்னும் எங்க வீட்ல சொல்லிச் சிரிக்கிறாங்க” என்றாள்.