சிறிய கிட்டாருக்குள் எவ்வளவு காற்று

பதினோரு ஆண்டுகளாக நான் வாசித்து வருவது ட்ரெட்நாட் வகைக் கிட்டார். அகன்ற இடுப்பும் ஆழமான பெட்டியும் கொண்ட அந்த வடிவத்தைத்தான் நம் ஊர்க் கடைகளில் கிட்டார் என்று கேட்டதும் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அதன் ஒலியில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஆனால் மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய்வருகிறவன் நான். எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, மேல்படுக்கையில் கிட்டாரைச் சுவரோரமாகக் கிடத்திவிட்டு, மிஞ்சிய இடத்தில் விடியும்வரை ஒருக்களித்துப் படுத்து வந்த பயணங்களை எண்ணி மாளாது. சென்ற ஆண்டின் பாதியில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினேன். ஊரில் இருக்கும் நான்கைந்து நாட்கள் வாசிப்பில்லாமல் கழிந்தன. அதன் பிறகுதான் சிறிய பெட்டியுள்ள கிட்டார் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். ஏறத்தாழ மூன்று மாதம் நீண்ட அந்தத் தேடலில் கேட்டும் அளந்தும் அறிந்ததை, இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சிறிய கிட்டார் என்று நாம் இன்று சொல்வதை ஒரு காலத்தில் கச்சேரி அளவு என்றே சொன்னார்கள். 1833-இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம்பெயர்ந்த மார்ட்டின் நிறுவனம், தன் பெட்டிகளின் அளவைச் சுழியங்களால் குறித்தது. ஒரு சுழியம் என்றால் கச்சேரிக் கிட்டார்; இரண்டு சுழியம் என்றால் பெரிய கச்சேரிக் கிட்டார். அந்த இரண்டு சுழியப் பெட்டியின் மிக அகன்ற இடமே 36 சென்டிமீட்டர் அளவுதான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாஞ்சோவுக்கும் மாண்டலினுக்கும் நடுவே கிட்டாரின் குரல் எழும்ப வேண்டியிருந்ததால் பெட்டி பெருத்துக்கொண்டே வந்தது. 1902-இல் மூன்று சுழிய அளவு வந்தது. 1916-இல் ஆலிவர் டிட்சன் நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த பெரிய பெட்டிக்குப் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ட்ரெட்நாட்டின் பெயரையே வைத்தார்கள். 1931 முதல் அதை மார்ட்டின் தன் பெயரிலேயே விற்றது. ஆகவே சிறிய பெட்டி என்பது பெரியதைச் சுருக்கிச் செய்த பொம்மையன்று. அதுவே மூத்த வடிவம். இதை முன்பே அறிந்திருந்தால், குழந்தைகளுக்கான முக்கால் அளவுக் கிட்டார்களைப் புரட்டிப் பார்ப்பதில் முதல் மாதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

பெட்டியின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன் கம்பியின் அதிர்நீளத்தைப் பார்க்க வேண்டும் என்பது நான் இரண்டாவதாகக் கற்றது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து, பெட்டியின் மேல் ஒட்டிய பிரிட்ஜில் உள்ள சாடில்வரை கம்பி அதிரும் தூரத்தைத்தான் ஸ்கேல் லெங்த் என்கிறார்கள். பெரிய கிட்டார்களில் இது 645 முதல் 650 மில்லிமீட்டர். யமஹாவின் எஃப்எஸ் வரிசையில் 634. டெய்லர் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த ஜிஎஸ் மினியில் 597; மார்ட்டினின் லிட்டில் மார்ட்டினில் 584; 1996-இல் வந்த பேபி டெய்லரில் 578. இந்தச் சில சென்டிமீட்டர் பெரிதா என்று தோன்றும். ஒரே கம்பியை ஒரே சுருதியில் நிறுத்துவதற்குத் தேவையான இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நீளம் எட்டு விழுக்காடு குறைந்தால் இழுவிசை ஏறத்தாழ பதினைந்து விழுக்காடு குறைந்துவிடுகிறது. ட்ரெட்நாட்டில் 12 அளவுக் கம்பித் தொகுப்பு (மிக மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) மேற்பலகையை 70 கிலோவுக்குச் சற்று மேலான எடையால் இழுக்கிறது என்றால், ஜிஎஸ் மினியில் அதே தொகுப்பு 62 கிலோ அளவுக்கே இழுக்கும்.

இதன் விளைவு கைக்கும் காதுக்கும் உடனே தெரியும். கம்பி மென்மையாகிறது, அழுத்துவது எளிதாகிறது. ஆனால் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி மேலேறிவிடுகிறது. ஓங்கி அடித்தால் மிகத் தடித்த ஆறாம் கம்பி, விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது. ஆறாம் கம்பியை ஒரு சுரம் தளர்த்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்குவதற்கு முன் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஜிஎஸ் மினி கடையிலிருந்து வரும்போதே 13 அளவுள்ள தடித்த கம்பிகளோடு வருவதற்குக் காரணம் இதுதான். சிலர் விரல் வலிக்கிறது என்று வாங்கிய வாரமே மெல்லிய கம்பிக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கிட்டாரின் பாதிக் குரலை அவர்கள் கழற்றி எறிகிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஃப்ரெட்களின் இடைவெளியும் குறுகும். 650 மில்லிமீட்டர் நீளத்தில் முதல் ஃப்ரெட்டுக்கு 36.5 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. 597-இல் அது 33.5 ஆகிவிடும். இப்படி இடம் குறுகியதால் என் தடித்த விரல்களால் முதல் வாரம் மூன்று கம்பிகளை அடுத்தடுத்து அழுத்தும் ஏ மேஜரைத் தெளிவாகப் பிடிக்க முடியவில்லை.

இனி பெட்டி. கட வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஓர் ஆழ்ந்த ஓசையை எழுப்புவார் அல்லவா, அது மண்ணின் ஓசையைவிட உள்ளே அடைபட்ட காற்றின் ஓசையே. கிட்டாரிலும் ஒலித்துளை வழியே ஊசலாடும் காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு. ட்ரெட்நாட்டில் அது நொடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டி இருக்கும். பெட்டி சிறுக்கச் சிறுக்க அது மேலே ஏறும். ஆறாம் கம்பியைத் திறந்து மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வோ 82. அதாவது எந்தக் கிட்டாருமே அந்த ஒலியின் அடித்தளத்தை முழுமையாகத் தருவதில்லை. அதன் மேலொலிகளைக் கேட்டு, இல்லாத அடித்தளத்தை நம் செவியே நிரப்பிக்கொள்கிறது. சிறிய பெட்டியில் அந்த இட்டுநிரப்பல் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவே. அதற்கு ஈடாக ஐந்தாம் கம்பியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே, ஒன்றையொன்று மூடாமல் கேட்கும். விரல்களால் மீட்டி வாசிப்பவர்களுக்கு இது இழப்பே அன்று. பிக் என்னும் சிறு தகட்டால் வேகமாக அடித்து ஒரு கூட்டத்தையே பாடவைக்க வேண்டியவர்களுக்கு இழப்புதான், அவர்கள் பெரிய பெட்டியோடு இருப்பதே நல்லது.

இதையெல்லாம் படித்த பிறகும், கடையில் போய் நின்றபோது கண் காதை ஏமாற்றியது. சிறியதாகத் தெரிந்த கிட்டார் சிறியதாகவே ஒலிப்பதாகத் தோன்றியது. அங்கே நீண்ட நாள் வேலை பார்க்கும் ஒருவர் என் தடுமாற்றத்தைக் கவனித்துவிட்டு, “தம்பி, பாக்காதீங்க. அந்தப் பக்கமா திரும்பி நின்னு கேளுங்க, நான் வாசிக்கிறேன்” என்றார். நான் கொண்டுபோயிருந்த ட்ரெட்நாட், யமஹா எஃப்எஸ்800, லிட்டில் மார்ட்டின், மகாகனி மேற்பலகை கொண்ட ஜிஎஸ் மினி ஆகிய நான்கிலும் ஒரே மெட்டை முதலில் விரலாலும் பிறகு பிக்காலும் அவர் வாசித்தார். விரலால் வாசித்தபோது என் சொந்தக் கிட்டாரையும் எஃப்எஸ்800-ஐயும் நான் மாற்றிச் சொன்னேன். பதினோரு ஆண்டு மடியில் வைத்திருந்த கிட்டாரை எனக்கு அடையாளம் தெரியவில்லை! பிக் பட்டதும் பெரியது தன்னைக் காட்டிக்கொடுத்தது. அதன் கீழ்ஸ்தாயியில் ஒரு விரிவு இருந்தது, மற்ற மூன்றிலும் அது இல்லை. லிட்டில் மார்ட்டினில் மூன்றாம், நான்காம் கம்பிகள் முன்னே வந்து பேசின. ஆறாம் கம்பியின் தட்டல் கேட்டது, நிறைவு கேட்கவில்லை. ஜிஎஸ் மினியை நான் இரண்டு முறையும் சரியாகவே கண்டுகொண்டேன். மகாகனிக்கு உரிய உலர்ந்த, நேரான குரல் அது. ஒவ்வொரு சுரமும் சட்டென்று எழுந்து, நடுவிலேயே நின்று, மெதுவாக அடங்கியது. தன் அளவுக்கு மீறி அது ஆழமாக ஒலித்ததற்கு, பின்பலகையை வெளிப்புறமாக வளைத்து அழுத்திச் செய்திருப்பதும் பெட்டிக்குப் போதிய ஆழம் தந்திருப்பதும் காரணமாக இருக்கலாம்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேற்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா என்பதைக் கேட்டறியாமல் எதையும் வாங்கக் கூடாது. ஒலியின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. ஸ்பெயினின் அந்தோனியோ டி டோர்ரெஸ் 1862-இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக்கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் இட்டு ஒரு கிட்டாரைச் செய்துகாட்டினார். இதை மெய்ப்பிக்கத்தான் அவர் அப்படிச் செய்தார். பக்கங்களும் பின்புறமும் ஒட்டுப்பலகையாக இருப்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை, பயணக் கிட்டாருக்கு அது நன்மை என்பேன். குளிரூட்டிய ரயில்பெட்டியில் ஓர் இரவு முழுதும் உலர்ந்து, காலையில் நாகர்கோவிலின் ஈரக்காற்றில் இறங்கும் முழுமரக் கிட்டார் உப்பிச் சுருங்கி அவதிப்படும். மேற்பலகை உப்பினால் கம்பிகள் விரற்பலகையை விட்டு உயரும். என் ட்ரெட்நாட்டுக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் இது நேர்ந்திருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரத்தை உலகெங்கும் உயர்ந்த கிட்டார்களின் பின்புறத்துக்கு விரும்பி வாங்குகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்படிப்பட்ட ஒன்றை ரயிலின் மேல்படுக்கையில் ஏற்ற மனம் வராது.

எடுத்துச்செல்வது என்று வரும்போது நாம் எதில் செல்கிறோம் என்பதே கேள்வி. ரயிலில் ஒரு மீட்டர் கிட்டாருக்கும் 93 சென்டிமீட்டர் ஜிஎஸ் மினிக்கும் நீளத்தில் பெரிய வேறுபாடு தெரியாது; பெட்டியின் அகலமும் ஆழமும் குறைவதால் காலை நீட்ட முடிகிறது, அதுதான் வேறுபாடு. ஸ்கூட்டரில் கதையே வேறு. பெரிய கிட்டாரை உறையில் இட்டு முதுகில் மாட்டினால் அதன் கழுத்து ஹெல்மெட்டின் பின்புறத்தில் முட்டும். தலையைச் சற்று உயர்த்தினாலும் இடிக்கும், திரும்பிப் பார்க்கவும் முடியாது. சிறியதில் உறை கீழே இறங்கி அமர்வதால் கழுத்து தோளுக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. விமானத்துக்கென்று வாங்க நினைப்பவர்கள் மட்டும் ஏமாற வேண்டாம். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பெட்டிக்கு வழக்கமான நீள வரம்பு 55 சென்டிமீட்டர். பயணக் கிட்டார் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அதற்குள் அடங்கா. அமெரிக்காவில் மேலடுக்கில் இடம் இருந்தால் கிட்டாரை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று 2012-இல் சட்டமே இயற்றினார்கள். இங்கே அது வாயிலில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்தது. ஒருமுறை என் கிட்டாரை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்ஜின் பின்விளிம்பு ஒரு தாள் நுழையும் அளவுக்குப் பெயர்ந்து திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் தாளை நுழைத்துப் பார்த்தபடி விமான நிலையத் தரையில் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இறுதியில் ஜிஎஸ் மினியை வாங்கினேன். எஃப்எஸ்800-இன் விலையைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே வாசிப்பவர், அல்லது முதல் கிட்டார் வாங்குபவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் எஃப்எஸ்800-ஐயே சொல்வேன். விரலால் வாசித்தபோது அதன் ஒலி என்னையே ஏமாற்றியதே! எனக்கு ஸ்கூட்டரும் ரயிலும் சேர்ந்து தீர்மானித்தன. இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் அந்தி நேரத்தில் திண்ணையில் அமர்ந்து அம்மா பாடுவார். அவருடைய சுருதி ஐந்தரைக் கட்டை. ட்ரெட்நாட்டில் நான் எவ்வளவு மெல்ல வாசித்தாலும், “கொஞ்சம் மெதுவா வாசி மக்களே, எனக்கு என் குரலே கேக்கல” என்பார். முதல் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்னும் பிடியைப் பூட்டி ஜி மேஜர் பிடித்தால் அவருடைய ஐந்தரை வந்துவிடுகிறது. கேப்போ போட்ட பின்னும் விரலுக்கு இறுக்கம் இல்லை. சென்ற மாதம் அவர் நான்கு பாடல்கள் பாடினார். மெதுவாக வாசி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான்காவது முடிந்ததும் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு சின்னதுக்குள்ள இருந்தா வருது?” என்று கேட்டார்.

ஏ மேஜரை இப்போது இரண்டு விரல்களால் பிடிக்கப் பழகிவிட்டேன்.