விக்கைக் கழற்றிய அந்த ஒரு நிமிடம்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' என்ற அமெரிக்க டிவி தொடரின் முதல் சீசனைத் திரும்பப் போட்டேன், நாலாவது எபிசோடின் கடைசிக் காட்சிக்காக. வக்கீலாக நடிக்கும் கறுப்பின நடிகை வயோலா டேவிஸ் கண்ணாடி முன் உட்கார்ந்து நகைகளைக் கழற்றுகிறார். அப்புறம் விக். அப்புறம் ஒட்டு இமை. மேக்கப்பைத் துடைக்கத் துடைக்க, கோர்ட்டில் கர்ஜிக்கும் வக்கீல் காணாமல் போய், களைத்துப்போன ஒரு மனுஷி மிஞ்சுகிறார். விக்கைக் கழற்ற விட்டால்தான் நடிப்பேன் என்று முதலிலேயே நிபந்தனை போட்டாராம்.

அமெரிக்க டிவியில் கறுப்பினப் பெண் என்றால் ரொம்ப காலம் நாயகியின் தோழி, நர்ஸ், இல்லாவிட்டால் வாயாடி. 1974இல் டெரசா கிரேவ்ஸ் போலீஸாக நடித்த தொடருக்கு அப்புறம், பெரிய சேனல் டிராமாவைத் தனியாகத் தாங்கும் கறுப்பின நாயகி என்று பேசப்பட்டவர் 2012இல் வந்த 'ஸ்கேண்டல்' தொடரின் கெர்ரி வாஷிங்டன்தான். 38 வருஷம்!

2015இல் டிராமா நாயகிக்கான எம்மி என்ற அமெரிக்க டிவி விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் டேவிஸ். இல்லாத வேடத்துக்கு விருது வாங்க முடியாது என்று மேடையிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் காட்சியில் மேக்கப்பைத் துடைத்துவிட்டு அந்த வக்கீல் தன் புருஷனிடம் ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள்... அதை இங்கே எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.