68-ஐப் பார்த்து நிம்மதியடைந்தோம்

அம்மாவுக்கு 67 வயது. 14 வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். மூச்சு வாங்குவதோ கால் வீங்குவதோ இல்லை. ஆனாலும் போன தடவை டொக்டர் துண்டில் ‘என்டி-ப்ரோபிஎன்பி’ என்று எழுதித் தந்தார். இதயம் பலவீனப்படத் தொடங்குகிறதா என்பதை அறிகுறி தெரியுமுன்பே இரத்தத்தில் பார்க்கலாமாம். சீனிக்காரர் வருடத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது என்றார்.

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லேபுக்குப் போன் எடுத்தேன். “வெறும் வயிற்றோடு வாங்கோ” என்றார்கள். காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். எட்டரை மணிபோல அம்மா என் கையைப் பிடித்தா. விரல்கள் நடுங்கின, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. சாப்பிடாமல் சீனிக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறா. ஓடிப்போய் எதிர்க் கடையில் சீனி போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. இந்தப் பரிசோதனைக்குப் பட்டினி தேவையே இல்லை என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உங்கள் வீட்டில் சீனிக்காரர் இருந்தால், எதற்காக வெறும் வயிறு என்று டொக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

பில் போடும்போது அதில் வெறும் ‘பிஎன்பி’ என்று இருந்தது. கேட்டேன். “ரெண்டும் ஒண்டுதான் அக்கா, ஹார்ட் டெஸ்ட்தானே” என்றார் கவுண்டரில் இருந்தவர். பின்னால் வரிசை நெருக்க, காசைக் கட்டிவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

ரிப்போர்ட்டில் 68 என்று வந்தது. அம்மா அதில் இருந்த ‘பிரெய்ன்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துபோனா: “எனக்கேன் பிள்ளை மூளை டெஸ்ட்?” பிஎன்பியில் வரும் முதல் ‘பி’ இந்த ‘பிரெய்ன்’தான். 1988இல் முதன்முதலில் பன்றியின் மூளையில் கண்டுபிடித்ததால் வந்த பெயர் அது, உண்மையில் பெரும்பாலும் இதயம்தான் சுரக்கிறது. இணையத்தில் தேடினேன். 125-க்குக் கீழே என்றால் பயமில்லை என்று இருந்தது. கனடாவில் இருக்கிற அக்காவுக்கும் உடனே வாட்ஸ்அப் போட்டேன். அன்றிரவு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், “நான் எழுதினது இது இல்லையே” என்றார். இதயச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது உண்டாகும் ஒரே புரதம்தான் இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு பிஎன்பி. அது இரத்தத்தில் சீக்கிரமே கரைந்துவிடும். மற்றது என்டி-ப்ரோபிஎன்பி, அது கூட நேரம் நிற்பதால் எண்ணும் பெரிதாக வரும். 125 என்ற எல்லை இரண்டாவதற்கு உரியது. பிஎன்பிக்கு எல்லை 35! அப்படியானால் எங்களை நிம்மதியாகத் தூங்க வைத்த 68 கூடின எண்.

இன்னொரு லேபில், இன்னொரு தடவை காசு கட்டி, சரியான பரிசோதனையைச் செய்தோம். 410. அதோடும் முடியவில்லை. சிறுநீரகம் பழுதானாலும் இந்த எண் ஏறும் என்பதால் கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்டார். நான் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போய் எடுத்துவர ஓட்டோவில் அரை நாள் போனது. நல்ல வேளை, சிறுநீரகம் சரியாக இருந்தது. உடம்பு பருத்தவர்களுக்கு எண் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம், வயது போனால் கூடும். அதனால் இந்த எண்ணை நீங்களே இணையத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் எடுத்தோம். இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் சற்றுத் தடித்து, தளர்ந்து விரிவதில் சுணக்கம். பிரஷர் மருந்தைக் கூட்டி, சீனிக்கு எம்பாகிளிஃப்ளோசின் சேர்த்திருக்கிறார். அது இதயத்துக்கும் பாதுகாப்பாம்.

ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பரிசோதனையின் முழுப் பெயர், அலகு, செய்த லேப், மூன்றையும் அம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பில்லில் அதே பெயரைக் கண்ட பிறகுதான் காசு கட்டுவேன்; அம்மாவும் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவா.