பாம்பெர்க் புகை பீர் முதல் சோய்கிள் வரை: ஒரு சுவைக் குறிப்பேடு

ஜெர்மனிக்கு வருகிற நண்பர்கள் பீர் என்றதும் மியூனிக்கைத்தான் கேட்கிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு சனி, ஞாயிறு என்றால் பாம்பெர்குக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். நியூரம்பெர்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊர் இருக்கும், பவேரியாவின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில் சிறிய பீர் ஆலைகளைத் தேடிப் போய்ச் சுவைத்து, குறிப்பெடுத்து வருகிறேன். இதுவரை தேறியது இவ்வளவு.

முதலில் புகை பீர். முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் உலர்த்திய காலத்தில் எல்லா ஊர் பீரிலும் ஓரளவு புகை இருந்திருக்கும். புகை படாமல் வெப்பக் காற்றில் உலர்த்தும் சூளைகள் வந்ததும் மற்ற ஊர்கள் மாறிவிட்டன. பாம்பெர்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு ஆலைகள் மட்டும் இன்றும் பீச் மர விறகை எரித்துத் தங்கள் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தாங்களே புகையூட்டிக்கொள்கின்றன.

பலரும் நேராக ஷ்லெங்கர்லாவுக்குப் போய், ஒரு மிடறில் முகம் சுளித்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1536 முதல் இயங்கும் ஷ்பெட்சியாலில் தொடங்குங்கள். அங்கே புகை மெலிதாக, மால்ட்டின் இனிப்புக்குப் பின்னால் நிற்கும். ஒரு கோப்பை அங்கே குடித்துவிட்டு ஆற்றைத் தாண்டி நடந்து ஷ்லெங்கர்லாவுக்குப் போனால் நாக்கு தயாராக இருக்கும். அங்குள்ள முக்கியப் புகை பீரான மெர்ட்சனில் ஆல்கஹால் 5.1 சதவீதம், கரும்பழுப்பு நிறம். முதல் மிடறில் மாசிக் கருவாட்டுப் பானையைத் திறந்தது போல மணம் எழும். பாதிக் கோப்பை தாண்டியதும் புகை பின்வாங்கி, வறுத்த ரொட்டியின் சுவையும் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் மேலே வரும். ஆகவே இப்போதெல்லாம் முதல் மிடறுக்கு நான் குறிப்பு எழுதுவதில்லை. பாதிக் கோப்பையில்தான் பேனாவை எடுக்கிறேன்.

இதே பீரைப் புட்டியிலும் வாங்கி வீட்டில் ஒப்பிட்டுப் பார்த்தேன். மதுக்கூடத்தில் வாயு அழுத்தம் கொடுக்காமல், மரப் பீப்பாயிலிருந்து தானாக வழியவிட்டுப் பிடிக்கிறார்கள். அதனால் குமிழி குறைவு, வாயில் மென்மை. புட்டியில் அந்த மென்மை வரவில்லை. ஊருக்கே போய்க் குடிக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். அவர்களுடைய ஹெல்லஸ் என்ற வெளிர்நிற பீரையும் கேட்டு வாங்குங்கள். அதில் புகையூட்டிய மால்ட்டே இல்லை; ஆனாலும் அதே கொப்பரை, அதே ஈஸ்ட் என்பதால் லேசான புகை ஒட்டிக்கொண்டிருக்கும்.

புகை வேண்டாம் என்பவர்களுக்கு பாம்பெர்கிலேயே உள்ள மார்ஸ் ப்ரொய் ஆலை. நொதிக்கும்போது பீப்பாயை இறுக்கி அடைக்காததால் குமிழி குறைந்த, மங்கலான பீர் அங்கே கிடைக்கும். அதன் சுருக்கப் பெயரில் "ஆ ஊ" என்று கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். எதிரே கேஸ்மான் ஆலையில் நல்ல கசப்புள்ள, வெளிர்நிற பில்ஸ் வகை பீர்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு ஃபிராங்கோனியாவின் அவுஃப்ஸெஸ். சுமார் 1,300 பேர் வாழும் ஊராட்சியில் நான்கு ஆலைகள்; நான்கையும் இணைத்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடைபாதை. எனக்குப் பிடித்தது ஹெக்கன்ஹோஃபில் உள்ள கத்தி ப்ரொய் ஆலையின் கருநிற பீர். ஒவ்வோர் இடத்திலும் சிறிய கோப்பையாகக் கேளுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கார் ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

குறிப்பேட்டில் கடைசியாகச் சேர்ந்தது சோய்கிள் என்ற வீட்டு பீர். இதற்கு ஃபிராங்கோனியாவை விட்டுக் கிழக்கே, செக் எல்லையை ஒட்டிய ஓபர்ஃபால்ட்ஸுக்குப் போக வேண்டும். விண்டிஷ்எஷன்பாக், நொய்ஹவுஸ் போன்ற ஊர்களில் காய்ச்சும் உரிமையுள்ள குடும்பங்களுக்கு ஒரு பொதுக் காய்ச்சகம் உண்டு. விறகடுப்பில் காய்ச்சிய சாற்றை அகலமான ஆழமற்ற தொட்டியில் இரவு முழுதும் ஆறவிட்டு, அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடுகிறார்கள். பீர் பக்குவமானதும் வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும். முறைவைத்து, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே ஒவ்வொரு வீடும் திறந்திருக்கும். நாட்காட்டியைப் பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு நெருங்கி உட்கார்ந்து, தட்டு நிறைய ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் வைத்துக்கொண்டு குடிக்கிற பீர் இது. நான் போன எந்த மதுக்கூடத்திலும் அந்நியனுக்கு இவ்வளவு எளிதாக இடம் கிடைத்ததில்லை.

ஒரே காய்ச்சகத்தில் காய்ச்சியும் இரண்டு வீடுகளின் சோய்கிள் தெளிவாக வேறுபட்டது. ஒன்றில் தேன் சாயல், மற்றதில் உலர்ந்த கசப்பு. ஈஸ்ட்டா, நிலவறையின் குளிரா, இருப்பு வைத்த வாரங்களா? இரண்டு வீடுகளும் ஒரே வாரஇறுதியில் திறக்கும் நாளாகப் பார்த்து, அடுத்தடுத்துக் குடித்து ஒப்பிடப் போகிறேன். அதற்கு முன் அக்டோபரில் ஷ்லெங்கர்லாவின் ஊர்பொக் என்ற வீரியமான புகை பீர் வருகிறது. ஆல்கஹால் 6.5 சதவீதம், பழைய பாறை நிலவறைகளில் மாதக்கணக்கில் முதிர்ந்தது. அதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.